முதல் அத்தியாயம் மட்டும்

1993 டிசம்பர் 10ஆம் திகதி அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கணினி, வந்து குவிந்தவர்களின் நெரிசல் தாங்காமல் திணறியது. டெக்சாஸில் இருந்த ஐடி சொப்ட்வெயர் என்ற சின்னக் கொம்பனி தன் புது விளையாட்டான ‘டூம்’இன் முதல் பகுதியை அன்று அங்கே இலவசமாக ஏற்றி வைக்கப்போகிறது என்ற செய்தி பரவியிருந்தது. காத்திருந்தவர்கள் இருந்த இணைப்பையெல்லாம் பிடித்துக்கொண்டதால், கோப்பை ஏற்ற வேண்டியவர்களுக்கே உள்ளே நுழைய வழியில்லாமல் போயிற்று. ஒருவாறு ஏற்றி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள், கணினி படுத்துவிட்டது.

அந்தக் கோப்பு இரண்டு பிளொப்பி டிஸ்க்குகளில் அடங்கிவிடும் அளவுதான். உள்ளே ஒன்பது கட்டங்கள். மூன்று பகுதிகள் கொண்ட விளையாட்டில் முதலாவது முழுக்க இலவசம். மிச்சம் இரண்டும் வேண்டுமானால் காசு அனுப்பித் தபாலில் வரவழைக்க வேண்டும். முதல் பகுதியை யாரும் யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், கடைக்காரர் பிளொப்பியில் பதிந்து விற்று அந்தக் காசைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று கொம்பனியே சொல்லிவிட்டது. விளையாட்டு டெமோ என்ற பொருளின் வாழ்க்கையில் அதுவே உச்சம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அளவில் அது பல ஆயிரம் மடங்கு பெருத்தது. கைவிட்டுக் கை போகும் சுதந்திரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இலங்கையின் ஹல்துமுல்லை போன்ற ஒரு மலை ஊரிலிருந்து பார்க்கும்போது அந்தக் குறைவு துலக்கமாகத் தெரியும்.

டெமோவின் பிறப்பை 1982இல் வைக்கலாம். அந்த ஆண்டு அன்ட்ரூ ஃபுளுகல்மன், ஜிம் நோஃப் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஒருவரையொருவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே யோசனைக்கு வந்தார்கள். தாம் எழுதிய கணினி நிரலை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. பிடித்திருந்தால் ஒரு சிறு தொகை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்வது. பிறர் நேர்மையின் மேல் வைத்த நம்பிக்கைதான் முதலீடு. அலுவலக வேலைக்கான நிரல்களுக்கு இது ஓரளவு சரிப்பட்டது. விளையாட்டுகளுக்குச் சரிப்படவில்லை. முழு விளையாட்டும் கையில் கிடைத்து, ஆடியும் முடித்த பிறகு காசு அனுப்பும் மனம் அதிகம் பேருக்கு வருவதில்லை.

டெக்சாஸ்காரர் ஸ்கொட் மில்லர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். 1987இல் ‘கிங்டம் ஒஃப் குரோஸ்’ என்ற தன் விளையாட்டைத் துண்டுகளாக்கி, முதல் துண்டைச் சும்மா கொடுத்து, மற்றவற்றுக்கு விலை வைத்தார். எளிய மாற்றம்தான், ஆனால் அது தொழிலின் போக்கையே திருப்பியது. ஆடுகிறவருக்கு ஆசை உச்சியில் இருக்கும் இடத்தில் கதவு மூடிக்கொள்கிறது. திறக்கும் சாவி தபாலில் வரும். அவருடைய அப்போஜி கொம்பனி 1990 டிசம்பரில் இதே முறையில் ‘கொமாண்டர் கீன்’ விளையாட்டை வெளியிட்டது. லூசியானாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, இரவுகளில் அதை உருவாக்கிய இளைஞர்களுக்கு முதல் மாதப் பங்காக 10,500 டொலர் காசோலை வந்தது. அவர்கள் வேலையை விட்டுவிட்டு ஐடி சொப்ட்வெயரை ஆரம்பித்தார்கள். மூன்று ஆண்டுகளில் ‘டூம்’ வந்தது. அதன் இலவசப் பகுதியை ஆடியவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். காசு கொடுத்து மிச்சத்தை வாங்கியவர்கள் அதில் ஒரு சிறு பங்கே. அந்தச் சிறு பங்கே கொம்பனியைச் செல்வந்தமாக்கப் போதுமாயிருந்தது.

நான் யோசிப்பது வாங்காத அந்தப் பெரும்பான்மையைப் பற்றி. அவர்களில் பலருக்கு வாங்கும் எண்ணமே எழ வாய்ப்பில்லை. டொலர் காசோலை எழுத வங்கிக் கணக்கு இல்லை, கடனட்டை இல்லை, அமெரிக்கத் தபால் வந்து சேரும் முகவரி இல்லை. அவர்களிடம் அந்த ஒன்பது கட்டங்களே முழு விளையாட்டாக இருந்தன. திரும்பத் திரும்ப ஆடி, ஒளிந்திருக்கும் அறைகளையெல்லாம் தேடிக் கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டார்கள். கடைக்காரர் வாசலில் நீட்டிய ருசியை வைத்தே குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள். டெமோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் விற்பனைக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இந்த இன்னொரு வாழ்க்கையை யாராவது எழுத வேண்டும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி, பெலிஹுல் ஓயாவைத் தாண்டி மலையைப் பிடித்து ஏறத் தொடங்கும். ஹல்துமுல்லை அந்த ஏற்றத்தில் இருக்கிறது. அடுத்து பெரகலைச் சந்தி. ஒரு கை அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக்குப் போகிறது, மறு கை கொஸ்லந்தைக்கு இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு விழுங்கிய மீரியபெத்தைத் தோட்டம் இதே பிரதேச செயலகப் பிரிவில்தான் இருந்தது. 99ஆம் இலக்க கொழும்பு – பதுளை பஸ் இந்த வீதியில்தான் ஓடுகிறது. நகரத்துப் பொருள்கள் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த பாதையும் இதுதான். கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன பையன்கள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது உடுப்புப் பையோடு சீடிகளும் வந்தன. பெரும்பாலும் சினிமாப் படங்கள், பாட்டுகள், நகல் எடுத்த விளையாட்டுகள். நடுவே எப்போதாவது, இந்தியாவின் ‘டிஜிட்’ போன்ற சஞ்சிகைகளோடு இலவசமாக ஒட்டி வரும் தட்டு ஒன்று இருக்கும். அதற்குள் இருந்தவை டெமோக்கள். அந்தப் பையில் இருந்த விளையாட்டுகளில் உரிமையாளரே மனமுவந்து கொடுத்தனுப்பியவை அவை மட்டும்தான்.

உலகத்தின் மற்ற மூலைகளில் அப்போது டெமோ பெரிய மரியாதையோடு வலம் வந்துகொண்டிருந்தது. 1995இல் ஐரோப்பாவில் பிளேஸ்டேசன் வாங்கியவர்களுக்குப் பெட்டியோடு ஒரு டெமோ தட்டும் கிடைத்தது. அதன் ஒரு பகுதியில் ஒரு டைனோசரைச் சும்மா நடக்கவிட்டுப் பார்க்கலாம், அந்தப் பகுதியில் விளையாட்டே கிடையாது. இன்றும் அதைச் சொல்லி உருகுகிறவர்கள் உண்டு. 2001இல் ‘சோன் ஒஃப் தி எண்டர்ஸ்’ என்ற விளையாட்டை, அதோடு இணைத்துக் கொடுத்த ‘மெட்டல் கியர் சொலிட் 2’ டெமோவுக்காகவே பலர் வாங்கினார்கள். வரப்போகும் ஒன்றின் துண்டு, வந்துவிட்ட ஒன்றின் முழுமையை விட விலை பெற்றது.

தோட்டத்து லயங்களில் கணினி அபூர்வம். மின்சாரம் இருந்த காம்பிராவிலும் டீவிக்குத்தான் முதல் இடம். எனவே டெமோ பரவலாக வந்து இறங்கியது கணினியில் அல்ல, பட்டன் போனில். நோக்கியா போன் வாங்கினால் அதற்குள் பாம்பு விளையாட்டு முழுசாக இருக்கும். கூடவே காரோட்டம், கிரிக்கெட் என்று கேம்லொப்ட் போன்ற கொம்பனிகளின் விளையாட்டுகள் சோதனைப் பதிப்பாக ஏற்றப்பட்டிருக்கும். ஒரு கட்டம் முடிந்ததும், அல்லது சில நிமிடம் ஓடியதும், தொடர்ந்து ஆட வேண்டுமானால் வாங்கவும் என்று திரை நிற்கும். ரீலோட் காட் சுரண்டி, அந்த மீதியில் அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பேசுகிற வீட்டில் யாரும் அந்தப் பொத்தானை அழுத்தப்போவதில்லை. பிள்ளைகள் வெளியே வந்து மீண்டும் உள்ளே போனார்கள். முதல் வளைவுகளில் அவர்களை வெல்ல ஆளில்லை.

டவுன் கொமியூனிகேசன் கடைகள் இன்னொரு வழியைத் திறந்தன. போட்டோகொப்பி எடுக்க, ரீலோட் போட வருகிறவர்கள் மெமரி காட்டையும் நீட்டுவார்கள். “அண்ணே, பாட்டு ஏத்திட்டு, இடம் மிச்சமிருந்தா ரெண்டு கேமும் போட்டு விடுங்க.” சில நூறு கிலோபைட் அளவுள்ள ஜாவா விளையாட்டுகள் அப்படி ஏறின. பிறகு புளூடூத்தில் லயத்துக்கு லயம் போயின. அவற்றில் எது டெமோ, எது முழுசு என்று ஏற்றியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஓடும் வரை ஓடும். ஐடி சொப்ட்வெயர் 1993இல் அனுமதித்த அதே வழக்கம், அனுமதி யாரும் கேட்காமலே இந்த மலையில் உயிரோடு இருந்தது.

விற்பதற்கு முன் ருசி காட்டும் பழக்கம் இந்த மலைக்கு அந்நியமானதல்ல. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இன்றுவரை ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால், தோட்டத்துத் தொழிற்சாலைகளிலிருந்து தரகர்களுக்கும் அவர்கள் வழியே வாங்குவோருக்கும் மாதிரிகள் இலவசமாகப் போகின்றன. வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, துப்பி, விலை குறித்துக்கொள்வார்கள். யூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்துக்கு அந்தக் கோப்பையில்தான் விலை பிறக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது ஏலமே இணையத்துக்கு மாறியது. மாதிரி மட்டும் இணையத்தில் போக முடியாது, இன்னும் பொட்டலமாகத்தான் போகிறது. கொழுந்து பறித்தவர் வீட்டில் கொதிப்பது அந்த மாதிரியின் தேயிலை அல்ல. நல்லதெல்லாம் இலவச ருசியாக மலையை விட்டு இறங்குகிறது. எதிர்த்திசையில் மலையேறி வந்த இலவச ருசிகளில் விளையாட்டு டெமோ ஒன்று. எனக்கு அதன் மேல் உள்ள பற்றுக்கு இதுவும் காரணம்.

முழு விளையாட்டின் விலையைத் தோட்டக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை இலங்கையருக்கு டொலரில்தான் விலை சொல்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அப்போது 60 டொலர் விளையாட்டு ஒன்றின் விலை 21,600 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபா. இருபத்தொரு முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டாலும் போதாது. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ஆனது, டொலர் 300க்கு அருகில் இறங்கியது, ஆனால் பெரிய கொம்பனிகள் விலையை 70 டொலராக்கிவிட்டன. இந்தக் கணக்கில் ஒரு தம்பி டெமோவை மட்டும் ஆடிவிட்டு நிற்கிறான் என்றால், அது அவன் ஆர்வத்தின் குறைவாகாது.

இதற்கிடையில் டெமோவை அதன் சொந்த வீட்டிலேயே கைவிடத் தொடங்கியிருந்தார்கள். 2013இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜெசி ஷெல் ஒரு மாநாட்டில் எக்ஸ்பொக்ஸ் 360 விற்பனைத் தரவுகளைக் காட்டினார். முன்னோட்டக் காட்சி மட்டும் வெளியிட்டு டெமோ தராத விளையாட்டுகளே அதிகம் விற்றிருந்தன. டெமோ தந்தவை அவற்றில் பாதியளவுக்கே விற்றிருந்தன. ஆடிப் பார்த்தவர் ஆசை தீர்ந்து போய்விடுகிறார் என்பது அவர் தந்த விளக்கம். பெரிய கொம்பனிகளுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. டெமோ செய்ய ஆட்களும் மாதங்களும் செலவாகின்றன. விற்பனையும் குறையுமென்றால் எதற்கு?

அதே காலத்தில் போனில் முற்றிலும் இலவசமான விளையாட்டுகள் வந்தன. 2017இல் ஃப்ரீ ஃபயர், 2018இல் பப்ஜி மொபைல். ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த போனிலும் ஓடியதால் தோட்டங்களில் அதற்குத்தான் வரவேற்பு. காசு கொடுக்காமலே எவ்வளவும் ஆடலாம். ஆனால் டைமண்ட் வாங்கச் சொல்லும் திரை ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வரும். இவற்றை டெமோவின் வாரிசுகள் என்பார்கள், நான் ஏற்கமாட்டேன். டெமோவுக்கு ஒரு முடிவு இருந்தது. முடிந்ததும் அது ஆளை வீட்டுக்கு அனுப்பியது. தூண்டிலை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் விளையாட்டு எவரையும் அனுப்புவதில்லை, வீட்டுப் பிள்ளையின் ரீலோட் காசு போய்க்கொண்டே இருக்கும்.

டெமோவின் துயரமான சம்பவம் 2014இல் நடந்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி பிளேஸ்டேசன் 4இல் ‘பி.டி.’ என்ற சிறு விளையாட்டு இலவசமாக வெளியானது. ஒரு வீட்டின் வளைந்த தாழ்வாரம் மட்டும். கதவைத் திறந்து வெளியேறினால் அதே தாழ்வாரத்தின் தொடக்கத்துக்கே வந்து சேர்வீர்கள்; ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். முடிவு வரை போனவர்களுக்குத்தான் இது ஹிடெயோ கொஜிமாவும் திரைப்பட இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த ‘சைலண்ட் ஹில்ஸ்’இன் முன்னோட்டம் என்பது தெரியவந்தது. 2015 ஏப்ரலில் பெரிய விளையாட்டு கைவிடப்பட்டது. டெமோவும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே எடுத்து வைத்திருந்தவர்கள் அழித்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. அது ஏறியிருந்த பழைய இயந்திரங்களை அதற்காகவே கூடிய விலைக்கு விற்றார்கள். முழு விளையாட்டுகளையே விஞ்சிய ஒரு படைப்பு, யாரும் நகல் எடுத்துக் காக்க வழியில்லாமலே கடையிலிருந்து மறைந்தது. 1993இன் பிளொப்பி டெமோவை இன்றும் எவரும் எடுத்து ஆடலாம். இருபத்தொரு ஆண்டு இளையது காணாமல் போய்விட்டது.

சின்னக் கொம்பனிகள்தான் டெமோவைத் திரும்ப அழைத்து வந்தன. விளம்பரத்துக்குக் காசில்லாதவர்களுக்கு அதைவிட நல்ல தூது ஏது? 2013இல் ‘தி ஸ்டான்லி பேரபிள்’ செய்தவர்கள், முழு விளையாட்டில் இல்லாத ஒன்றைத் தனியாகச் செய்து டெமோவாகக் கொடுத்தார்கள். இந்தியாவில் புனேயின் நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ், ‘ராஜி’ விளையாட்டுக்காக 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டபோது ஒரு டெமோவை முன்னால் வைத்தது. கேட்ட தொகை சேரவில்லை. ஆனால் அந்த டெமோவை ஆடிய பலருக்கு ராஜியின் கோயில்களும் சண்டையும் மனதில் நின்றன. 2020 ஓகஸ்டில் முழு விளையாட்டு நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்தது. 2023 யூலை 31ஆம் திகதி டொரொண்டோவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’வை வெளியிட்டது: 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி அவிக்கும் அம்மா. மறு ஆண்டு அது பாஃப்டா பரிசும் பெற்றது. விலை 15 டொலர். தோட்டத்துப் பிள்ளை ஒன்று தன் மொழியை ஒரு விளையாட்டில் கேட்க வேண்டுமானால், 2024 செப்டெம்பர் கணக்கில் மூன்று முழுப் பேர் போட்டாலும் போதாது. தமிழில் வரப்போகும் விளையாட்டுகள் ஒரு சமையலையாவது முன்னால் சும்மா தர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இப்போது டெமோவின் பெரிய திருவிழா ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட். 2019 டிசம்பரில் சில விளையாட்டுகளோடு இரண்டு நாள் முயற்சியாகத் தொடங்கி, 2021 யூனில் இந்தப் பெயர் பெற்று, இன்று பெப்ரவரி, யூன், ஒக்டோபர் என்று ஆண்டுக்கு மூன்று முறை ஒரு வாரம் நடக்கிறது. இன்னும் வெளிவராத விளையாட்டுகளே பங்குபெறலாம், அதுவும் ஒரே ஒருமுறை. ஆயிரக்கணக்கான டெமோக்கள் ஒன்றாகத் திறக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி. யூனில் நமக்கு இரவு பத்தரை. டேட்டா பக்கேஜில் நைட் டைம் பங்கு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்து, 12 மணிக்குப் பிறகு இறக்கத் தொடங்குவார்கள். பகல் டேட்டா பிள்ளைகளின் பாடத்துக்கு வேண்டும். சிக்னல் எல்லா மடிப்பிலும் கிடைப்பதில்லை. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகமெங்கும் போனது. அந்தச் சிக்னலில் 7 ஜிபி டெமோவை இறக்குவது நடக்காத காரியம். ‘ஃபைனல் ஃபேன்டசி 7’இன் மறுஆக்கத்துக்கு 2020இல் வந்த டெமோ அந்த அளவையும் தாண்டியிருந்தது, டூமின் இலவசப் பகுதியைப் போல மூவாயிரம் அதற்குள் அடங்கும். பாதி இறங்கும்போது மின்சாரம் போனால் இன்னொரு ராத்திரி. வாரம் முடிந்ததும் பல டெமோக்களைக் கடையிலிருந்து எடுத்தும் விடுகிறார்கள். மெதுவான இணைப்பு உள்ளவருக்கு ஒரு வாரம் என்பது திருவிழாவின் வாசலைத் தொடும் நேரம்தான்.

இவற்றையெல்லாம் சரிசெய்யப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். 2013இல் தொடங்கிய இட்ச்.ஐஓ தளத்தில் தனி ஆட்களும் சிறு குழுக்களும் தங்கள் டெமோக்களைச் சாதாரண ஸிப் கோப்பாக வைக்கிறார்கள். பல டெமோக்கள் நூறு, இருநூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், ஆடும்போது இணையமும் வேண்டாம். பண்டாரவளையில் நல்ல இணைப்புள்ள ஒருவர் இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் போதும். ஹல்துமுல்லையில் ஒரு பழைய மடிக்கணினியில் அது திறக்கும், அங்கிருந்து இன்னொரு பென்னில் அடுத்த தோட்டத்துக்குப் போகும். விளையாட்டு செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்வது இதுதான்: டெமோவை அப்படி ஒரு கோப்பாகவும் வையுங்கள், நகல் எடுக்கலாம் என்று அதிலேயே எழுதி விடுங்கள், திருவிழா முடிந்ததும் எடுத்துவிடாதீர்கள்.